காணாமல் போன நாலாவது வீடு

கட்டாத வீடு காணாமல் போகுமா? போனது. அதுவும் பட்டப்பகலில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இன்ஜினியர் முளைக்குச்சிகளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் மனையின் மேல் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முன்பக்கத்து வீட்டின் ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்தன. பின்பக்கம் போகப் போக அவர் நடை தளர்ந்தது. டேப்பை இழுத்தார், சுருட்டினார், மறுபடியும் இழுத்தார். கடைசியில் பின் எல்லைக் கல்லருகே நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, இந்த பிளானை யார் போட்டது?"

"நான்தான். ஏன் தம்பி?"

"இதுல சுவரே இல்லையே."

தெருவில் அந்த அக்காவுக்குக் கத்தரி என்று பெயர். பள்ளிச் சீருடை தைக்கும் தொழில் பாதிக் காரணம். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் வாய் மீதிக் காரணம். அந்த வாய் இப்போது திறந்தபடியே நின்றது. அவள் பிளானைப் பார்த்தாள். சட்டைக்கு அளவு வெட்டும் பழுப்புத் தாளில், ஸ்கேல் வைத்து, பென்சிலைக் கூராகச் சீவிச் சீவி அவளே வரைந்தது. ஒவ்வொரு சுவரும் ஒரு கோடு. முடி மாதிரி மெல்லிய, அழகான கோடு.

துணியில் அப்படித்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் முதுகு, அந்தப் பக்கம் கை. நடுவில் கோடு இடம் அடைப்பதில்லை. அவள் மனையைச் சுற்றி விடவேண்டிய காலியிடத்தைக்கூட மறக்கவில்லை, ஓரம் மடித்துத் தைக்க விடுவதுபோல் கச்சிதமாக விட்டிருந்தாள். செங்கல் ஒன்பது அங்குலம் தின்னும் என்பது மட்டும் அவள் தலையில் ஏறவே இல்லை. வெளிச்சுவர், நடுச்சுவர், அறைச்சுவர் என்று ஒவ்வொன்றும் ஒரு வாய் கடித்து, கீழ்த்தளத்தின் பின்பக்கம் வரவேண்டிய வீட்டை மென்று விழுங்கியிருந்தன. மிஞ்சியிருந்த இடத்தில் ஒரு சமையலறை வரும். அதில் அலமாரியைத் திறக்க வேண்டுமானால் சமைப்பவர் வெளியே போய் நிற்க வேண்டும்.

"சாக்பீஸ் போடாம துணிய வெட்டக் கூடாதுன்னு சொன்னியே, அது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார் அவள் கணவர். பஸ் டிரைவர். எந்த விபத்திலும் முதலில் நல்ல பக்கத்தைப் பார்ப்பவர். முறையான வரைபடம் போடும் முன் மனையிலேயே முழு அளவில் கோடு கிழித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தது அவள்தான். வெட்டும் முன்பே தப்பு அகப்பட்டது. இல்லையென்றால் அஸ்திவாரம் தோண்டிய பிறகு தெரிந்திருக்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில், ஹால் சன்னலருகே டீ டம்ளரோடு ஒருவர் நின்றிருந்தார். அவளுடைய அண்ணன். அதற்கு மேல் மாடியில், அவருடைய வாடகை வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் பார்க்காத மாதிரி பார்த்தாள். அண்ணன் பார்ப்பதை மறைக்கவில்லை.

நாலு வீடு ஏன் வேண்டும்? அங்கேதான் கத்தரியின் கழுத்தில் கயிறு இருந்தது. கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழே முன்பக்கத்துப் பெரிய வீடு அவளுக்கு, மீதி மூன்று வாடகைக்கு. மூன்று வாடகை வந்தால் வங்கித் தவணை தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். இரண்டுதான் என்றால் டிரைவர் சம்பளத்தில் முக்கால்வாசியை அது வழித்துக்கொண்டு போய்விடும். வங்கி மேலாளரம்மா முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார், மூணு வாடகைக்குக் குறைஞ்சா லோன் கிடையாது என்று. வெள்ளிக்கிழமை இறுதிப் பிளானோடும் செலவுக் கணக்கோடும் வரச் சொல்லியிருந்தார்.

கணக்கில் அவள் கெட்டி. அஸ்திவாரத்துக்கு நகை, கூரை மட்டத்துக்கு டிரைவரின் சேமநிதி, அதற்குமேல் கடன் என்று பிரித்து வைத்திருந்தாள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் தொடாமல் ஒதுக்கியிருந்தாள். துணி நனைந்தால் சுருங்கும், கட்டடம் நனைந்தால் செலவு விரியும் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவள் சுவரை மறந்ததுதான் கொடுமை.

இன்ஜினியர் மனசுள்ள பையன். அங்கேயே குந்தி உட்கார்ந்து வழி தேடினார். பின்வீட்டுக்குத் தனிக் குளியலறை வேண்டாம், மேல்வீட்டுக்காரர்களோடு சேர்த்து வெளியே ஒன்று போதும் என்றார். பக்கவாட்டில் வரும் மாடிப்படியை இவளுடைய ஹாலை ஒட்டி முன்பக்கமாகத் திருப்பிவிட்டால் நாலடி மிச்சம் என்றார். எல்லோருக்கும் ஒரே மீட்டர், ஒரே தண்ணீர்த் தொட்டி, திறந்து மூடும் குழாய் இவள் வீட்டுக்குள். செலவும் குறையும், இடமும் கிடைக்கும், பின்வீடு எப்படியோ உயிர் பிழைக்கும்.

"எல்லா இடத்துலயும் இப்படித்தான்க்கா கட்றாங்க. உங்க ஹால்ல இருந்தே யாரு வர்றா யாரு போறான்னு தெரியும். அது ஒரு பாதுகாப்பும் கூட."

கத்தரியின் பார்வை மதில் தாண்டி அண்ணனின் ஹால் சன்னலுக்குப் போனது.

அந்தச் சன்னலை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் மூன்று வருஷம் அண்ணனின் மாடியில்தான் குடியிருந்தாள், வாடகைக்கு. தங்கச்சி என்பதால் வாடகையில் சலுகை இல்லை, கண்காணிப்பில் மட்டும் சலுகை அதிகம். படி அந்தச் சன்னலுக்கு முன்னால்தான் ஏறும். காய்கறிப் பையோடு வந்தால் பை எட்டிப் பார்க்கப்படும். தோழி வந்தால் எத்தனை மணிக்குப் போவாள் என்று கேட்கப்படும். தண்ணீர்க் குழாய் கீழே அண்ணன் கையில் இருந்தது. தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்கி மாட்டிய மாதம் அண்ணன் கேட்ட மின்சாரக் கட்டணம் இரட்டிப்பானது, மீட்டர் ஒன்றுதானே, எதுவும் பேச முடியவில்லை. கடைசியில் அதிக வாடகை தர ஒரு குடும்பம் வந்ததும், மிஷின் சத்தம் தலைவலிக்கிறது என்று அண்ணன் சொன்னார். அவள் காலி செய்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வீடு, எத்தனையோ சன்னல். எல்லா ஓனருக்கும் தலைவலி இருந்தது.

அப்போதுதான் அவள் மனசுக்குள் முடிவெடுத்தாள். அப்பா எழுதிவைத்த இந்த மனையில் என்றைக்காவது வீடு எழும்பும். அதில் வெட்டு மேசை போட்டு இரண்டு மிஷின் ஓட்டும் அளவுக்குப் பெரிய ஹால் ஒன்று இருக்கும். யாருக்கும் தலைவலிக்கக் கூடாது. அந்த ஹால்தான் இப்போது சுண்ணாம்புக் கோட்டுக்குள் அகலமாய்க் காலை நீட்டிப் படுத்திருந்தது.

டீ டம்ளர் காலியானதும் அண்ணன் இறங்கி வந்தார். சிமெண்டிலிருந்து கேட் வரை விற்கும் கடை வைத்திருப்பவர். வீடு கட்டுகிற யாரைப் பார்த்தாலும் மூட்டைக் கணக்காகவே பார்ப்பவர். கோட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"நாலுன்னியேம்மா. மூணுதான தேறும் போல."

"உனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது அண்ணே. சன்னல் பழக்கம்."

அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிதானமாகத் தன் சரக்கை இறக்கினார். அந்தப் பின்பக்கத்துப் பன்னிரண்டடியை அவருக்குக் கொடுத்துவிட்டால் மூட்டை அடுக்க ஷெட் போட்டுக்கொள்வாராம். விலை ரொக்கமாக, இந்த வாரமே. அந்தப் பணத்தில் அவள் ஒரே ஒரு வீடு, தனக்கென்று பெரிசாக, கடனே இல்லாமல் கட்டிக்கொள்ளலாம். குடியிருக்க வருகிறவன் தொல்லை இல்லை, தவணைக் கவலை இல்லை, மிஷின் சத்தம் கேட்டு யாரும் கதவைத் தட்டப் போவதில்லை.

"நல்லதுக்குத்தான் சொல்றேன். வெள்ளிக்கிழமை அந்த பேங்க்காரம்மா முடியாதுன்னு சொன்னப்பறம் என்கிட்ட வந்தா இதே விலை இருக்காது."

அவர் போன பிறகு டிரைவர் தலையைச் சொறிந்தார். "மச்சான் நல்லவர்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாக்க மாட்டார்."

அவள் சிரிக்கவில்லை. அண்ணன் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் உறுத்தியது. கடனில்லாத வீடு. பெரிய ஹால். இந்த வாரமே. எதிர்ப்பக்கம் வங்கி, தவணை, இன்ஜினியரின் குறுக்குவழி. யோசித்துச் சொல்வதாக இன்ஜினியரை அனுப்பிவைத்தாள். குறுக்குவழிக் கோடுகளையும் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டே அவர் போனார்.

சாயங்காலம் டிரைவர் வேலை முடித்து நேராக மனைக்கு வந்தார். அவள் பின்வீட்டுக் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, குடி வந்தாச்சா?"

"வந்துட்டேன். நீங்க அந்த ஹால்ல போய் நில்லுங்க. நீங்கதான் ஓனர்."

டிரைவருக்கு இப்படிப்பட்ட வேஷம் என்றால் கொண்டாட்டம். பெரிய ஹாலின் நடுவில் போய் இடுப்பில் கைவைத்து நின்றார். அவள் கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவிலிருந்து வந்தாள். பின்வீட்டுக்குப் போக, மாற்றிப் போட்ட கோட்டின்படி, அந்த ஹாலை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா பையில? ரொம்ப கனமா இருக்கு. விருந்தாளியா? எத்தனை பேரு? எத்தனை நாளு? தண்ணி செலவாகுமே."

குரலை அப்படியே அண்ணன் குரலாக ஆக்கியிருந்தார். கழுத்தைக்கூட அதே மாதிரி நீட்டினார். அச்சு அசல். வேறு சமயமாக இருந்தால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். பையோடு அப்படியே நின்றாள். அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். அது அவளுடைய ஹால். அந்த இடத்தில் நாளை நிற்கப் போவது அவள். கழுத்தை நீட்டப் போவதும் அவள்தான். மனசு வேண்டாம் என்றாலும் கண் பையைப் பார்க்கும். சுவரை அப்படி எழுப்பிவிட்டால் கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியாது. அண்ணன்கூடப் பிறக்கும்போதே அப்படிப் பிறந்திருக்க மாட்டார். படியைச் சன்னலுக்கு முன்னால் வைத்தார், மிச்சத்தைச் சன்னல் பார்த்துக்கொண்டது.

"ஏம்மா, ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்ல. சரியாப் பேசிட்டீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். அவள் பையைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் ஹாலின் கோட்டைக் காலாலேயே தேய்த்து அழிக்க ஆரம்பித்தாள். ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும். வெட்டு மேசை வரவேண்டிய இடம், இரண்டு மிஷின் ஓடவேண்டிய இடம், எல்லாம். சுண்ணாம்புத் தூள் கணுக்கால் வரை ஏறியது. டிரைவரும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்மூலையிலிருந்து தேய்த்து வந்தார்.

அழித்து முடித்ததும் அவள் மரச்சட்டத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். ஒன்பது அங்குல நீளத்துக்கு அறுத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு சாக்பீஸைத் துணிக்கிழிசலால் கட்டினாள். இழுத்தால் ஒரே இழுப்பில் இரட்டைக் கோடு விழும். நடுவில் இருப்பது சுவர். உள்சுவருக்கு அதில் பாதி நீளத்தில் இன்னொன்று. இரண்டையும் வைத்து இருட்டும்வரை மனையில் கோடு இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் இன்ஜினியர் வந்தபோது அவள் இப்போது தைக்கும் வாடகை வீட்டில் பழுப்புத் தாள் விரிந்திருந்தது. முழுக்க இரட்டைக் கோடு. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு, நாலும் ஒரே அளவு. சட்டையின் இரண்டு கையையும் துணியில் தலைகீழாகச் சேர்த்து வெட்டினால் மிச்சம் பிடிக்கலாம். அதே மாதிரி இரண்டு வீட்டுச் சமையலறையையும் குளியலறையையும் முதுகோடு முதுகு ஒட்டி நடுச்சுவரில் வைத்திருந்தாள். இன்ஜினியர் பார்த்துவிட்டு, ஒரு சுவரும் பாதிக் குழாயும் மிச்சம் என்று தலையாட்டினார். ஆனால் ஒரு சமையலறைக்குக் காற்று வர வழியில்லை என்று சுட்டிக்காட்டித் திருத்தினார். அவள் ஒத்துக்கொண்டாள். படி பக்கவாட்டில், யாருடைய சன்னலையும் பார்க்காமல். வீட்டுக்கு வீடு மீட்டர், தொட்டி, வாசல்.

"ஓனர் வீடு எது அக்கா?"

"பின்னாடி கீழ்வீடு. வெளிச்சம் கம்மியா வர்ற வீட்ட யார்கிட்டயும் காசு வாங்கிட்டுக் குடுக்க எனக்கு மனசு வரல."

"உங்க மிஷினு, மேசையெல்லாம்?"

அவற்றுக்கு மட்டும் தாளில் இடம் விழவில்லை. மூன்று வாடகைக்காக வேலையையே விட்டுவிட முடியாது, வேலை இல்லாமல் வீட்டுச் செலவு ஓடாது. இன்ஜினியர்தான் வழி சொன்னார். மொட்டைமாடியில் படி முடியும் இடத்தில் எப்படியும் ஒரு சின்ன அறை எழும்பும், மழை உள்ளே இறங்காமல் இருக்க. அதைக் கொஞ்சம் நீட்டினால் மேசை போடலாம். சத்தம் யார் தலைக்கும் போகாது. வெயில்தான் மண்டையைப் பிளக்கும். செலவும் கூடும்.

"வெயில நான் பாத்துக்கறேன். செலவ இதுல வெட்டு" என்று அவள் கணக்குத் தாளில் ஒரு இடத்தைத் தொட்டாள். முகப்புக்கு ஒட்டும் பளபளப்பு ஓடு, சித்திர வேலை செய்த இரும்புக் கேட், தூண். எல்லாம் அண்ணன் கடைச் சரக்கு. கத்தரி அதை ஒரே வெட்டாக வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை மேலாளரம்மா பிளானை வெகுநேரம் பார்த்தார். கேள்விமேல் கேள்வி கேட்டார். முகப்பு இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள் என்றார். முகப்பை வெளியே நின்று பார்க்கிறவன் வாடகை தருவதில்லை என்றாள் கத்தரி. மாசக்கணக்கில் ஒரு வீடு காலியாகக் கிடந்தால் என்றார். ஒதுக்கிவைத்த பத்தில் ஒரு பங்கைக் காட்டினாள். மேலாளரம்மா கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓனருக்குத் தனியா எதுவுமே இல்லையே. பின்னாடி வருத்தப்படுவீங்க."

"ஓனருக்கு பத்திரம் இருக்கு மேடம். அது போதும்."

மேலாளரம்மா முத்திரையைத் தேடி எடுத்தார்.

அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் நாள். இன்ஜினியர் கயிற்றைப் பிடிக்க, கத்தரி தன் சாக்பீஸ் கட்டையில் தடிமனாகச் சுண்ணாம்புப் பைகளைக் கட்டி, குனிந்தபடி இழுத்துக்கொண்டே வந்தாள். அண்ணன் இந்த முறை டீ இல்லாமல் வந்தார். நாலு கட்டத்தையும் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து முகம் சிறுத்துப்போனது.

"கூறு கெட்டுப்போச்சா உனக்கு? சொந்த மனையில, பின்னாடி போய், குடியிருக்க வந்தவன் மாதிரி ஒண்டிக்கிட்டு. நாலு பேரு என்ன சொல்லுவான்? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு கெத்து வேணாமா? ஓனர் வீடு எதுன்னு வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம் அண்ணே."

"தெரிய வேணாமா?"

"உன் வீட்ல எனக்கு மூணு வருஷமும் தெரிஞ்சுகிட்டே இருந்துச்சு. படி ஏறும்போது தெரியும், இறங்கும்போது தெரியும், குழாயத் திறந்தா தெரியும். அது போதும். இங்க யாருக்கும் தெரிய வேணாம்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாடியிலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. நர்ஸ். ஈரத் துணி தோளில் கிடக்க, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அக்கா, படி அந்தப் பக்கமாவா வருது?"

"பக்கவாட்டுல. யாரு சன்னலுக்கும் முன்னாடி இல்ல."

"மீட்டர்?"

"அவங்கவங்களுக்கு."

"மேல முன்பக்கத்து வீடு யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா?"

அண்ணன் மெதுவாகத் திரும்பி மாடியைப் பார்த்தார். நர்ஸ் வழக்கமாக அந்தப் பார்வைக்குத் துணியை உதறுவதாகப் பாவனை செய்து உள்ளே போய்விடுவாள். இன்றைக்குப் போகவில்லை. பதிலுக்காக நின்றாள்.

"இன்னும் சொல்லல. அஸ்திவாரம் எழும்பட்டும், கீழ இறங்கி வந்து அளவு பாருங்க. சுவரோட சேர்த்து அளக்கணும், மறந்துடாதீங்க" என்றாள் கத்தரி.

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணனுக்குக் கடைசியாக ஒரு சீட்டு கையில் இருந்தது. அதையும் இறக்கினார்.

"சரி. சிமெண்ட் எங்க வாங்கப் போற? இந்தப் பக்கத்துல என் கடைய விட்டா யாரு இருக்கா?"

"மூணு கடையில விலை கேட்டு வெச்சிருக்கேன் அண்ணே. நாலாவது உன் கடை. கம்மி விலை சொன்னா உன்கிட்டயே வாங்கறேன். தங்கச்சின்னு சலுகை வேணாம், தங்கச்சின்னு கூடுதலும் வேணாம். மூட்டை சரியான எடையில இருக்கணும், இறக்கும்போது நான் நிப்பேன்."

அவள் மறுபடி குனிந்தாள். அண்ணன் நின்ற இடம் பின்வீட்டு வெளிச்சுவர் வரவேண்டிய இடமாக இருந்தது. கட்டை அவர் செருப்பு நுனிக்கு வந்து நின்றது.

"கொஞ்சம் நகந்துக்கோ. சுவர் வருது."

அண்ணன் ஒரு அடி பின்வாங்கினார். அது போதவில்லை.

"இன்னும். ஒன்பது அங்குலம்."